குரல் உடைந்த கொம்பன்

அத்தியாயம் 7

எம்மெட் ராஸ்க் என் நண்பன். அதனால் அவன் உடம்போடு கிடைத்த சாமான்கள் இருந்த அட்டைப்பெட்டியைத் திறக்க வெர்னா என்னை விடவில்லை. "நீ சுவத்தைப் பார்த்துக்கிட்டு நில்லு" என்றார். ஷெரீப் அலுவலகச் சுவரில் பார்க்கவும் ஒன்றுமில்லை. போன வருஷக் காலண்டர் ஒன்று தொங்கியது. அதைக் கழற்றக்கூட ஆளில்லாத அந்த அலுவலகம்தான் எம்மெட்டின் சாவை இரண்டே நாளில் 'கரடி' என்று எழுதி மூடியிருந்தது.

வெர்னா லண்ட் இருபத்திரண்டு வருஷம் வயோமிங் மலைகளில் வனக்காவலராக இருந்தவர். இப்போது, அடுத்தவர்கள் மூடிய கோப்புகளைத் திறப்பது அவர் தொழில். நான் ஆர்லோ. எம்மெட் கைடாக இருந்த வேட்டை முகாமில் மூன்று வருஷம் சமைத்தேன். அதிகம் பேசுகிறேன் என்று முதலாளி என்னை அனுப்பிவிட்டார். அதே காரணத்துக்காகத்தான் வெர்னா என்னை வேலைக்கு வைத்துக்கொண்டார். நான் பேசிக்கொண்டிருந்தால் எதிராளி என்னையே பார்ப்பான். அவர் என்ன பார்க்கிறார் என்பதைக் கவனிக்க மாட்டான்.

"இப்போ திரும்பு" என்றார்.

மேஜைமேல் நான்கு சாமான்கள். கத்தி. கரடியை விரட்டும் மிளகாய் ஸ்பிரே. எல்க் மான் போலக் கூவுவதற்கான குழாய். ஒரு சின்ன உறைக்குள் பிறை வடிவ ரப்பர் தகடு. அந்தத் தகட்டை நாக்குக்கும் அண்ணத்துக்கும் நடுவில் வைத்து ஊதினால் கொம்பன் எல்க்கின், அதாவது ஆண் எல்க்கின், குரல் வரும். எம்மெட் ஊதினால் மலையிலுள்ள நிஜக் கொம்பன்கள் எல்லாம் தங்கள் பெண்டாட்டிகளை ஒருமுறை எண்ணிப் பார்த்துக்கொள்ளும்.

"இந்தத் தகடு எங்கே இருந்துச்சு தெரியுமா? வாய்க்குள்ளேயே. அண்ணத்துல ஒட்டிக்கிட்டு" என்றார் வெர்னா. "ஆர்லோ, கரடி எதிர்ல வந்தா நீ முதல்ல என்ன பண்ணுவே?"

"இத்தனை வருஷம் சர்ச்சுக்குப் போகாததுக்கு மன்னிப்புக் கேப்பேன்."

"அதுக்கும் முன்னாடி?"

"வாயில இருக்கறதைத் துப்பிட்டுக் கத்துவேன்."

"எம்மெட் துப்பல." ஸ்பிரேயைத் திருப்பிக் காட்டினார். அதன் பூட்டு போட்டபடியே இருந்தது. "இதையும் தொடல. கரடி வந்ததே அவனுக்குத் தெரியாது. கூவிக்கிட்டு இருக்கும்போதே என்னமோ நடந்திருக்கு."

இதைத்தான் எம்மெட்டின் மனைவி லியோனாவும் பத்து நாளாகச் சொல்லிக்கொண்டிருக்கிறாள். வில் வேட்டையில் கைடு பின்னால் நின்று கூவுவான். வில்லோடு வந்தவர் அறுபது எட்டு வைக்கும் தூரம் முன்னால் ஒளிந்திருப்பார். சண்டைக்கு வரும் கொம்பன் அவர் கைக்கு வரும். ஆக, எம்மெட் கூவினான் என்றால் அவனுக்கு முன்னால் ஒரு ஆள் இருந்தாக வேண்டும். அந்த வாரம் எம்மெட்டோடு முகாமில் இருந்த ஒரே ஆள், ஒஹையோவிலிருந்து வந்த பிளீகர் என்ற பல் டாக்டர். கரடியைப் பார்த்ததும் அவர் எம்மெட்டை விட்டுவிட்டு ஓடிவிட்டார் என்பது லியோனாவின் குற்றச்சாட்டு. முழங்கால் வீங்கி முகாமிலேயே படுத்திருந்தேன் என்பது டாக்டரின் பதில். அவள் கொடுத்த புகார்மேல் நாளை திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு விசாரணை. டாக்டர் ஊருக்குப் போவாரா, உள்ளே போவாரா என்பது அங்கே தெரிந்துவிடும். உண்மையைக் கண்டுபிடிக்கச் சொல்லி வெர்னாவை அமர்த்தியவள் லியோனாதான்.

"இந்தச் சாமான்ல என்ன குறையுது? நீதான் அவன்கூட மூணு வருஷம் இருந்திருக்கே" என்றார் வெர்னா.

நான் பார்த்தேன். "கொம்பு, பாஸ்."

"எந்தக் கொம்பு?"

"காட்டுல உதிர்ந்து கிடக்குமே, அந்த மாதிரி ஒரு எல்க் கொம்புத் துண்டு. பையோட வார்ல கட்டியே வெச்சிருப்பான். கூவிட்டு அதால சின்ன மரத்தைப் போட்டு உரசுவான். கோவத்துல இருக்கற கொம்பன் மரத்தை உரசுமில்ல, அப்படியே இருக்கும்."

"உடம்பு ஓடைக்கரையில கிடைச்சுது. கொம்பு அங்கே இல்ல. கரடி உடம்பைத்தான் இழுத்துட்டு வரும். கொம்பை எதுக்கு இழுக்கப் போகுது?" வெர்னா பெட்டியை மூடினார். "கொம்பு எங்கே விழுந்து கிடக்கோ, அங்கேதான் அவன் செத்தான். வா."

*

லியோனா வீட்டில் அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. அவள் எங்களுக்கு டின் பீன்ஸும் சோள ரொட்டியும் வைத்தாள். பத்து நாளில் பத்து வயது கூடியிருந்தது. அவள் கல்யாணத்தில் நான் ஆடிய ஆட்டத்தைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தவள், இப்போது தட்டை வைக்கும்போது என் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. எனக்கு வேதனையாக இருந்தது. வேதனை வந்தால் எனக்கு வாய் சும்மா இருக்காது.

ஃபிரிட்ஜ் கதவில் காந்தம் வைத்து அவளுடைய எல்க் வேட்டை அனுமதிச் சீட்டை ஒட்டியிருந்தாள். ஆளுக்கு வருஷம் ஒரு சீட்டு, ஒரு எல்க். மிருகம் விழுந்த உடனே சீட்டில் அச்சடித்திருக்கும் மாதத்தையும் தேதியையும் கத்தியால் வெட்டியெடுத்துவிட வேண்டும் என்பது சட்டம். அவள் சீட்டில் செப்டம்பரும் பதினாலும் இருந்த இடங்களில் ஓட்டை.

"ஏம்மா, சீட்டை வெட்டியாச்சு, நமக்கு மட்டும் பீன்ஸா? ஒரு துண்டு கறி எடுத்துப் போட்டா என்னவாம்?" என்றேன்.

"இந்த வருஷம் கறி இல்ல, ஆர்லோ" என்றாள் அவள், அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டு.

மேஜைக்கடியில் வெர்னா என் காலை மிதித்தார். பிறகு கேட்டார்: "எம்மெட் கூவினா எவ்ளோ தூரம் கேக்கும், லியோனா?"

"காத்து அடங்கியிருந்தா ஒண்ணரை மைல். ஏன் கேக்கறீங்க?"

"அன்னிக்கு யாராவது கேட்டிருக்கலாம். கேட்டவங்க அதை நிஜக் கொம்பன்னு நினைச்சிருக்கலாம்."

"மத்தவங்க நினைக்கலாம். நூறு கொம்பன் ஒண்ணாக் கூவினாலும் அதுல எம்மெட் எதுன்னு நான் சொல்லிடுவேன். கடைசியில ஒரு சின்ன இழுப்பு இழுப்பான். யாருக்கும் வராது." அவள் உதட்டைக் கடித்தாள். "அந்தப் பல் டாக்டர் கேட்டிருப்பார். அந்தாளு வாயிலேருந்து வரவைங்க, வெர்னா. என் புருஷனை விட்டுட்டு ஓடினேன்னு ஒரு தடவை அவர் சொன்னாப் போதும். எனக்கு வேற ஒண்ணும் வேண்டாம்."

"உண்மை எதுவோ அதைத்தான் என்னால கொண்டுவர முடியும்."

"அதைத்தானே கேக்கறேன்" என்றாள் லியோனா.

*

பல் டாக்டர் பிளீகர் மோட்டலில் முழங்காலுக்குப் பனிக்கட்டிப் பை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். முழங்கால் நல்ல பூசணிக்காய் அளவில் இருந்தது.

"இந்தக் காலோட ஓடினேன்னு சொல்றாங்க மேடம். பாத்ரூமுக்குப் போறதுக்கே பத்து நிமிஷம் ஆகுது" என்றார்.

"கரடி துரத்தினா நொண்டியும் ஓடுவான் சார்" என்றேன்.

அவர் கோபப்படவில்லை. கண் கலங்கிவிட்டது. "தம்பி, அவன் எனக்குக் காலையில காபி போட்டுக் குடுத்து, காலுக்குத் தலையணை வெச்சிட்டுப் போனான். அவனை விட்டுட்டு ஓடற ஆளா நான்?"

வெர்னா மூலையிலிருந்த அம்புக்கூட்டை எடுத்துப் பார்த்தார். ஆறு அம்பு வைக்கும் கூடு. ஆறும் இருந்தன. எல்லாவற்றுக்கும் பச்சை இறகு. முனையில் ஒரு கீறல் இல்லை.

"அன்னிக்குக் காலையில எம்மெட் என்ன சொல்லிட்டுப் போனான்? வார்த்தைக்கு வார்த்தை சொல்லுங்க" என்றார்.

"'டாக்டர், இன்னிக்கு உங்களுக்கு லீவு. எனக்குச் சம்பளம் இல்லாத வேலை ஒண்ணு இருக்கு, பதினோரு வருஷமாத் தள்ளிப்போட்டுக்கிட்டே வர்றேன்'னான். கணவாய் பக்கமா ஏறிப் போனான். விசிலடிச்சிட்டே போனான். விசில்தான் சரியா வரல, பாவம்."

"ஏன் வரல?"

"பல்லு போச்சில்ல? பன்னிரண்டாம் தேதி சேணம் கட்டும்போது அந்தக் கோவேறு கழுதை தலையை ஒரு ஆட்டு ஆட்டிச்சு. முன்பல்லு ரெண்டா உடைஞ்சுது. மிச்சத்தை நான்தான் பிடுங்கினேன். முப்பது வருஷம் கிளினிக் வெச்சிருந்தேன் மேடம், வேலிக்குறட்டால பல் பிடுங்கினது அதுதான் முதல் தடவை."

நான் சிரித்துவிட்டேன். எம்மெட்டும் சிரித்திருப்பான். வெர்னா மட்டும் சிரிக்கவில்லை.

"பல்லு போனதுக்கப்புறம் அவனுக்குக் கூவ வந்துச்சா?"

"வந்துச்சு, ஆனா பழைய மாதிரி இல்ல. பாதியிலேயே குரல் உடைஞ்சிடும். வயசான கொம்பன் இருமற மாதிரி இருக்கும். இதுவும் நல்லாத்தான் இருக்கு, கிழவன்னு நினைச்சு எல்லாவனும் சண்டைக்கு வருவான்னு சொல்லிச் சிரிச்சான்." டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நல்ல பையன், மேடம்."

வண்டியில் ஏறியதும் நான் ஆரம்பித்தேன். "சம்பளம் இல்லாத வேலை, பதினோரு வருஷம், விசில். பாஸ், எனக்கென்னவோ இதுல ஒரு பொண்ணு இருக்குன்னு தோணுது."

"எனக்கும் அப்படித்தான் தோணுது" என்றார் வெர்னா.

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. நான் விளையாட்டுக்குச் சொன்னேன். எம்மெட் அப்படிப்பட்டவன் இல்லை. வெர்னாவின் முகத்தைப் பார்த்தேன். அவர் கணவாய் இருந்த பக்கம் கையைக் காட்டினார்.

*

ஊர்ப்பக்கச் சரிவிலிருந்து கணவாய்க்குக் குதிரையில் இரண்டு மணி நேரம். எம்மெட்டின் முகாம் கணவாய்க்கு அந்தப் பக்கம்; அவன் இந்தப் பக்கம் இறங்கியிருந்தால் எந்த வழியாக வந்திருப்பான் என்பதை மேலிருந்து கீழாகத் தேடிக்கொண்டே வந்தோம். அவன் செத்த அன்று விழுந்த பனி முழுதும் உருகியிருந்தது. வெர்னா ஒவ்வொரு இளம் ஸ்ப்ரூஸ் ஊசியிலை மரமாக நின்று பார்த்தார். பட்டை உரிந்த மரங்கள் ஏழெட்டு இருந்தன. எல்லாவற்றையும் முகர்ந்துவிட்டு நகர்ந்தார்.

"பாஸ், கல்யாணத்துக்கு மாப்பிள்ளை பாக்கற மாதிரி ஒவ்வொரு மரமாத் தள்ளிவிடறீங்களே."

"அதெல்லாம் நிஜக் கொம்பன் உரசினது. சுத்தி வந்து உரசும். பட்டையில முடி ஒட்டியிருக்கும். கீழே குளம்பால மண்ணைத் தோண்டியிருக்கும்." அடுத்த மரத்தின் முன்னால் நின்றார். "இதைப் பாரு. ஒரு பக்கம் மட்டும்தான் உரிஞ்சிருக்கு. முடி இல்ல. மண்ணு கலையல. என் தோளுக்கு மேல ஒரு கீறல்கூட இல்ல. இது மரத்துக்குப் பின்னாடி மண்டிபோட்டு ஒரு கையால உரசினது."

நான் குனிந்தேன். பாசிக்குள் பாதி புதைந்து, தோல் வாரோடு, அந்தக் கொம்புத் துண்டு கிடந்தது. வாரில் என் முடிச்சு. போன வருஷம் அறுந்தபோது முகாமில் நான்தான் கட்டிக்கொடுத்தேன். அதை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு சிறிது நேரம் அங்கேயே உட்கார்ந்திருந்தேன்.

வெர்னா மரத்துக்குப் பின்னால் போயிருந்தார். பதினைந்து எட்டு தள்ளி, மக்கிப்போன கட்டை ஒன்றில் ஓர் அம்பு பாதிவரை இறங்கியிருந்தது. இரண்டு மஞ்சள் இறகு, ஒரு வெள்ளை.

"அம்பு!" என்று கத்தினேன். "அப்போ கரடி அப்புறம்தான் வந்திருக்கு. எவனோ எம்மெட்டை எல்க்குன்னு நினைச்சு அடிச்சிருக்கான், அம்பு அவனைத் துளைச்சிட்டு வந்து இங்கே நின்னிருக்கு. வில் வேட்டைக் காலத்துல, மனுஷன்னு தெரியறதுக்கு ஆரஞ்சுச் சட்டை போடணும்னு சட்டம் இல்லையே. இவன் மண் கலர் கம்பளிக் கோட்டு. கையில கொம்பு. எவன்னு கண்டுபிடிச்சு..."

"ஆர்லோ."

"...அவன் கழுத்தை..."

"ஆர்லோ, அம்பு வந்த கோட்டைப் பாரு."

கட்டையிலிருந்து மரம் வழியாகக் கையை நீட்டினார். முப்பத்தைந்து எட்டுக் கீழே ஒரு பாறை. பாறைக்குக் கீழே சுனை. இது அரசாங்கக் காடு. அந்தச் சுனையில் யார் வேண்டுமானாலும் போய் உட்காரலாம். ஆனால் பதினோரு செப்டம்பராக அங்கே உட்காருவது யார் என்று எங்கள் ஊரில் எல்லோருக்கும் தெரியும். புருஷன் காசு கொடுக்கிறவர்களுக்காகக் கூவிக்கொண்டிருக்கும்போது, அந்தச் சுனையில் தனியாக வில்லோடு உட்காருகிறவள் ஒருத்திதான்.

"இல்ல" என்றேன்.

"காலையில அவகிட்ட ஏன் கறி கேட்டே?"

"சீட்டு வெட்டியிருந்துச்சு. பதினாலாம் தேதி." என் குரல் எனக்கே கேட்கவில்லை. "ஆனா கறி இல்லைன்னா."

அடித்த மிருகம் கைக்குக் கிடைக்காமல் போனால் சீட்டை வெட்ட வேண்டியதில்லை. மறுநாள் இன்னொன்றைத் தேடிப் போகலாம். யாரும் கேட்க மாட்டார்கள். ஆனாலும், காயப்படுத்திவிட்டு இழந்ததும் கொன்றதற்குச் சமம்தான் என்று தன் சீட்டைத் தானே வெட்டிக்கொண்டு வீட்டுக்குப் போகிறவர்கள் உண்டு. எங்கள் ஊரில் எனக்குத் தெரிந்து மூன்று பேர். அதில் இரண்டு பேர் ராஸ்க் வீட்டில்.

"அந்த வீட்டுக்காரி இவ்ளோ நேர்மையா இல்லாம இருந்திருந்தா, எனக்குக் கடைசிவரைக்கும் தெரிஞ்சிருக்காது" என்றார் வெர்னா. அவர் அந்தக் கட்டைமேல் உட்கார்ந்துவிட்டார். வேலை நடுவில் அவர் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை.

"பாஸ், இந்த அம்பைப் பிடுங்கி எங்கேயாவது புதைச்சிடுவோம். கரடின்னே இருக்கட்டும். கரடி கோர்ட்டுக்கு வந்து மறுக்கப் போறதில்ல."

"நாளைக்குப் பத்து மணிக்கு அந்த டாக்டர்?"

"அவருக்கு வேற ஏதாவது வழி..."

"அவரை விட்டுட்டாலும், ஒருத்தனை விட்டுட்டு ஓடினவர்னு சாகறவரைக்கும் பேசுவாங்க. லியோனாவும் அதையே நம்பிக்கிட்டு அவரைச் சபிச்சிட்டிருப்பா." அம்பின் மஞ்சள் இறகை விரலால் தொட்டார். "எனக்கும் சொல்ல மனசில்லடா. ஆனா அவ என்கிட்ட கேட்டது உண்மையை."

இறங்கும்போது எம்மெட் ஓடிய வழியாகவே இறங்கினோம். மரத்திலிருந்து இருநூறு எட்டு. முறிந்த கிளைகள் வழிகாட்டின. ஒரு பள்ளத்தில் அவன் தொப்பி கிடந்தது. கரடி அவனை அங்கிருந்துதான் ஓடைக்கு இழுத்துப்போயிருக்கிறது. நான் தொப்பியை எடுத்து என் சட்டைக்குள் வைத்துக்கொண்டேன். அழுகிறேனா இல்லையா என்று பார்க்க வெர்னா திரும்பவில்லை. அந்த மரியாதை அவரிடம் உண்டு.

*

சாயங்காலம் ஐந்து மணிக்கு லியோனா வீட்டு மேஜையில் வெர்னா கொம்பை மட்டும் வைத்தார். அம்பை வண்டியிலேயே விட்டிருந்தோம்.

"கிடைச்சிடுச்சா!" லியோனா அதைத் தொடப் போனாள்.

"அதுக்கு முன்னாடி ஒண்ணு கேக்கறேன். பதினாலாம் தேதி நீ விட்ட கொம்பனைப் பத்திச் சொல்லு."

அவள் கை நின்றது. ஃபிரிட்ஜ் கதவைப் பார்த்தாள். பிறகு நாற்காலியில் மெதுவாக உட்கார்ந்தாள்.

"பாத்துட்டீங்களா? யார்கிட்டேயும் சொல்லல. வெட்கம்னு இல்ல, வெர்னா. பயம். விடியற நேரம், சுனையில இருந்தேன். மேலே ஒரு கொம்பன் கூவிச்சு. வயசானது. பாதியிலேயே குரல் உடைஞ்சுது. நானும் பதிலுக்குக் கூவினேன். அதுவும் கூவிச்சு. மரத்தை உரசற சத்தம். நான் பாறை வரைக்கும் ஏறிட்டேன். மரத்துக்குப் பின்னாடி கொம்பு நுனி ஆடுது, பழுப்பா முதுகு தெரியுது. விட்டேன். பட்ட சத்தம் கேட்டுச்சு."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன? காத்திருந்தேன். எம்மெட் சொல்ற மாதிரியே. அம்பு பட்டா உடனே பின்னாடி போகக்கூடாது, போனா பயந்து இன்னும் ஓடும், அது அமைதியாப் படுத்துக்கட்டும், ஒரு மணி நேரம் அசையாம உட்காருன்னு சொல்லுவான். உட்கார்ந்தேன். அதுக்குள்ள பனி கொட்டிடுச்சு. கணுக்கால் அளவு. ரத்தம், தடம் எல்லாம் மூடிடுச்சு. தேடிக்கிட்டுக் கீழே போனா, பனி மேல கரடித் தடம், எதையோ இழுத்துட்டுப் போன கோடு. என் கொம்பனைக் கரடி எடுத்துடுச்சுன்னு திரும்பிட்டேன். சீட்டை வெட்டினேன்." அவள் முகத்தை மூடிக்கொண்டாள். "நான் அடிச்ச மிருகத்துக்காகத்தான் அந்தக் கரடி வந்துச்சு. அதுதான் எம்மெட்டையும் அடிச்சிருக்கு. அந்தக் கரடியைக் கூட்டிட்டு வந்ததே நான்தான்னு பத்து நாளா மண்டைக்குள்ள ஓடிக்கிட்டே இருக்கு. அதான் அந்த டாக்டர் மேல... யார் மேலயாவது..."

வெர்னா அவள் கைமேல் தன் கையை வைத்தார். "எம்மெட் முகாமுக்குப் போனது எட்டாம் தேதி. அதுக்கப்புறம் நீ அவன் குரலைக் கேக்கல, இல்லையா?"

"மலைமேல ஏது போன்?"

"பன்னிரண்டாம் தேதி கோவேறு கழுதை இடிச்சு அவனுக்கு முன்பல்லு போயிடுச்சு, லியோனா."

சமையலறையில் குழாய் சொட்டிக்கொண்டிருந்தது. லியோனா எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். அவள் வேட்டைக்காரி. தடம் பார்க்கத் தெரிந்தவள். இதற்குமேல் ஒரு வார்த்தை சொல்ல வேண்டியிருக்கவில்லை. அவள் முகத்தில் அது ஒவ்வொரு படியாக ஏறிவருவதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்த அந்த நிமிஷத்தை என் எதிரிக்கும் நான் கொடுக்க மாட்டேன்.

"இந்தக் கொம்பு எங்கே கிடந்துச்சு?" என்றாள்.

"சுனைக்கு மேலே. அந்த மரத்துக்குப் பின்னாடி."

"அங்கே அவனுக்கு என்ன வேலை? அவன் கணவாய்க்கு அந்தப் பக்கமில்ல இருக்கணும்? கரடிதான் இந்தப் பக்கம் இழுத்துட்டு வந்துச்சுன்னு நினைச்சேன்."

வெர்னா என் பக்கம் திரும்பினார். நான்தான் சொன்னேன். "டாக்டருக்குக் கால் வீங்கினதால அன்னிக்கு லீவு. பதினோரு வருஷமா ஊரான் எல்லாருக்கும் கூப்பிட்டுக் குடுத்தான். ஒரு தடவை உனக்குக் கூப்பிட்டுக் குடுக்கலாம்னு வந்தான். நீ சுனையிலேயே இருப்பேன்னு நினைச்சிருப்பான். விசிலடிச்சிட்டே வந்தானாம்."

"மஞ்சள் ரெண்டு, வெள்ளை ஒண்ணா?" என்றாள். அழவில்லை. குரல் வறண்டிருந்தது.

வெர்னா தலையை அசைத்தார்.

"அந்த ஒரு மணி நேரம். நான் பாறையில உட்கார்ந்திருந்த அந்த ஒரு மணி நேரம். அவன் உயிரோட இருந்தானா?"

இருபத்திரண்டு வருஷ வேலையில் வெர்னா லண்ட் பொய் சொன்னதாக யாரும் சொன்னதில்லை. "இல்ல" என்றார். "நின்ன இடத்திலேயே முடிஞ்சிருச்சு. அவனுக்கு ஒண்ணுமே தெரிஞ்சிருக்காது."

என் சட்டைக்குள் எம்மெட்டின் தொப்பி இருந்தது. நான் தரையைப் பார்த்தேன்.

லியோனா வெர்னாவின் கையை மெதுவாகத் தட்டிக்கொடுத்தாள், அவருக்குத்தான் ஆறுதல் வேண்டும் என்பது போல. "வெர்னா, அது இறக்கத்துல ஓடின சத்தத்தை நான் கேட்டேன். கிளை முறியற சத்தம். நல்ல அடி, இருநூறு எட்டுக்குமேல போகாதுன்னு மனசுக்குள்ள சந்தோஷப்பட்டேன்."



அவள் எழுந்து போய்ச் சுவரிலிருந்த போனை எடுத்தாள். இரண்டு முறை எண்ணைத் தப்பாக அழுத்தினாள். "ஷெரீப்கிட்ட குடுங்க. நான் லியோனா ராஸ்க். எம்மெட் பொண்டாட்டி. நாளைக்கு விசாரணை வேண்டாம். அந்தப் பல் டாக்டரை வீட்டுக்கு அனுப்பிடுங்க, பாவம். அவர் அங்கே இல்ல. எப்படித் தெரியும்னா... அங்கே இருந்தது நான்தான்."

மறுமுனையில் நீண்ட நேரம் யாரோ பேசினார்கள். எங்களுக்கு வார்த்தைகள் கேட்கவில்லை.

"ஒரு மணி நேரம் ஆகுமா நீங்க வர்றதுக்கு?" என்றாள் லியோனா. "இல்ல. நான் உட்கார்ந்திருக்க மாட்டேன். நானே அங்கே வர்றேன். இனிமே என்னால ஒரு மணி நேரம் உட்கார முடியாது."

போனை வைத்துவிட்டு, கோட்டுகூடப் போடாமல் வெளியே நடந்தாள். எங்கள் வண்டியின் முன்கதவைத் திறந்து ஏறிக்கொண்டாள். வெர்னா பின்னால் ஏறினார்.

"எடு ஆர்லோ" என்றாள் லியோனா. "வேகமா ஓட்டு."

வேகமாகப் போய்க் காப்பாற்ற இனி யாரும் இல்லை. ஆனாலும் நான் வேகமாகத்தான் ஓட்டினேன்.